சின்ன மோதல், பெரிய வாக்குவாதம்: டேஷ்கேம் பதிவை வைத்து யார் தப்பு என்று தீர்ப்பது எப்படி?

கோடம்பாக்கம் மேம்பாலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. ஏற்றத்தில் வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு நானும் நின்றிருந்தேன். முன்னால் நின்ற வெள்ளைக் கார் மெல்லப் பின்னால் உருண்டு வந்து என் பம்பரில் இடித்தது. சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் நம்பர் பிளேட் வளைந்து, பம்பரின் ஓர் ஓரம் கிளிப்பிலிருந்து கழன்றுவிட்டது.

இறங்கி வந்தவர், "என்ன சார், முன்னாடி வண்டி நிக்குறது தெரியலையா?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. முதுகுப் பக்கம் அதிர்ந்தால் யாரோ பின்னாலிருந்து இடித்துவிட்டதாகத்தான் எவருக்கும் தோன்றும். பக்கத்தில் பைக்கில் நின்ற இரண்டு பேரும் அவர் பக்கம்தான் பேசினார்கள். பின்னால் நிற்பவன்தான் இடித்திருப்பான் என்பது நம் சாலைகளில் எழுதாத சட்டம். சேதத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. அவர் உருண்டு வந்திருந்தாலும், நான் போய் முட்டியிருந்தாலும் பம்பர் ஒரே மாதிரிதான் நசுங்கும்.

முன்கண்ணாடியில் மாட்டியிருந்த டேஷ்கேமின் (ஓடும்போது முன்னால் நடப்பதைப் பதிவு செய்யும் கேமரா) சின்னத் திரையில் அந்த இருபது நொடியை ஓட்டிக் காட்டினேன். முதலில் அவருடைய பிரேக் விளக்கு அணைகிறது. அடுத்து அவருடைய நம்பர் பிளேட் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது. அந்த நேரம் முழுவதும், இடது ஓரத்தில் தெரிந்த பாலத்துச் சுவரும் அதில் பாதி கிழிந்து தொங்கிய சுவரொட்டியும் துளிக்கூட நகரவில்லை. சுவர் நகரவில்லை என்றால் என் வண்டி நகரவில்லை. அவர் இன்னொரு முறை போடச் சொன்னார். பார்த்துவிட்டு, "நான்தான் சார், பிரேக்கை விட்டுட்டேன் போல" என்றார். மறுநாள் டிங்கர் கடையில் ஆன 2,800 ரூபாயை அவரே ஜிபேயில் அனுப்பினார்.

என் மச்சானுக்கு இப்படி அமையவில்லை. பல்லாவரத்தில் ஓர் ஆட்டோ அவருடைய காரின் பக்கவாட்டை உரசிக்கொண்டு நிற்காமல் போய்விட்டது. ஆட்டோ முந்திப் போகும்போது நம்பர் கேமராவில் பதிந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அவர் தினமும் அலுவலகம் போய்வர மூன்று மணி நேரம் ஓட்டுபவர். நான்கு நாளில் பழைய பதிவின் மேல் புதுப் பதிவு ஏறிவிட்டது.

புதிதாகக் கார் வாங்கி, கேமராவும் மாட்டியிருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பதிவை முதலில் காப்பாற்றுங்கள், வாதாடுவது அப்புறம். கீழே இருப்பவை தமிழ்நாட்டுச் சாலைகளையும் இந்தியச் சட்டத்தையும் மனதில் வைத்து எழுதியவை.

மாட்டிய அன்றே செய்ய வேண்டியவை

முதலில் தேதியையும் நேரத்தையும் சரி செய்யுங்கள். கடையில் மாட்டிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதே இல்லை. பதிவின் ஓரத்தில் ஏதோ ஒரு பழைய வருடத்து ஜனவரி 1 என்று ஓடிக்கொண்டிருந்தால், "இது அன்றைக்கு எடுத்ததே இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்ல நீங்களே வழி விட்டதாகிவிடும். ஜிபிஎஸ் உள்ள கேமரா நேரத்தைத் தானாகச் சரி செய்துகொள்ளும். இல்லாததை மாதம் ஒருமுறை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது மெமரி கார்டு. டேஷ்கேம் ஒன்று, மூன்று அல்லது ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்துகொண்டே போகும். கார்டு நிறைந்ததும் மிகப் பழைய துண்டை அழித்துவிட்டு அதன் மேல் எழுதும். ஃபுல் எச்டி தரத்தில் ஒரு நிமிடம் ஏறத்தாழ 100 எம்பி பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 64 ஜிபி கார்டில் பத்து மணி நேரம்தான் தங்கும். பின்பக்கக் கேமராவும் இருந்தால் அதுவும் குறையும். இப்படி ஓயாமல் எழுதி அழிப்பதைச் சாதாரண கார்டு தாங்காது. 'ஹை எண்டியூரன்ஸ்' என்று போட்ட கார்டாகக் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒருமுறை கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். கார்டு கெட்டுப்போனதே தெரியாமல் மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

மோதலை உணர்ந்து அந்தத் துண்டை மட்டும் அழியாமல் பூட்டி வைக்கும் சென்சார் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. அதன் உணர்திறனை அதிகமாக வைத்தால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் பூட்டிப் பூட்டிக் கார்டு நிறைந்துவிடும். மிகக் குறைவாக வைத்தால் லேசான இடியை அது கண்டுகொள்ளாது. என் பம்பர் கழன்ற அன்றும் சென்சார் தானாகப் பூட்டவில்லை, நான்தான் பட்டனை அழுத்தினேன். நடுத்தரத்தில் வையுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். கையால் பூட்டும் பட்டன் எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

கேமராவை ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், உங்கள் பார்வையை மறைக்காமல், வைப்பர் துடைக்கும் பகுதிக்குள் வரும்படி மாட்டுங்கள். இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், லித்தியம் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் உள்ளதாகப் பாருங்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பேட்டரி உப்பிப்போக வாய்ப்பு அதிகம்.

ஒலிப்பதிவை நிறுத்திவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நான் நிறுத்துவதில்லை. முன்கேமராவில் உங்கள் இண்டிகேட்டர் எரிவது தெரியாது, ஆனால் அதன் 'டிக் டிக்' சத்தம் பதிவாகும். நீங்கள் இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்பினீர்கள் என்பதற்கு அந்தச் சத்தம்தான் சாட்சி. ஹாரன் அடித்ததும் அப்படியே. வண்டிக்குள் பேசுவதும் பதிவாகும் என்பதை மட்டும் குடும்பத்தாரிடம் சொல்லி வையுங்கள்.

மோதிய முதல் பத்து நிமிடம்

வண்டியை நிறுத்தி, ஹசார்டு விளக்கைப் போடுங்கள். யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடிபட்டிருந்தால் 108, அப்புறம் 112. அந்த நிமிடத்தில் கேமராவை மறந்துவிடுங்கள், மனிதரைக் கவனியுங்கள். எதிரே இருப்பவர் இருசக்கர வாகனத்தில் வந்தவர் என்றால், தப்பு யார் மேல் இருந்தாலும் கீழே விழுந்தவர் அவர்தான். முதல் வார்த்தை "அடி பட்டுச்சாப்பா?" என்பதாக இருக்கட்டும்.

யாருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பூட்டும் பட்டனை அழுத்துங்கள். பிறகு எதிர்வண்டியின் நம்பரை உரக்கச் சொல்லுங்கள். டிஎன் 09 என்று தொடங்கி ஒவ்வொரு எழுத்தாக. இரவில் ஹெட்லைட் வெளிச்சம் பட்டு நம்பர் பிளேட் பதிவில் வெறும் வெள்ளைப் பட்டையாகத்தான் தெரியும். உங்கள் குரல் பதிவாகிவிட்டால் அந்தக் கவலை இல்லை.

வண்டிகளை ஓரங்கட்டும் முன் போனில் நான்கைந்து படங்கள் எடுங்கள். சேதத்தை நெருக்கத்தில் எடுப்பதற்கு முன், இரண்டு வண்டியும் சாலைக் கோடும் சேர்ந்து தெரியும்படி தள்ளி நின்று ஒன்று எடுங்கள். சக்கரம் எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறது என்று தெரிய வேண்டும். யார் தடம் மாறினார்கள் என்பதை அது சொல்லும். எதிர்வண்டியின் ஆர்சி, இன்சூரன்ஸ் விவரங்களைக் கேட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்ததும் ஓரங்கட்டிவிடுங்கள், பாலத்தில் நின்று மொத்தப் போக்குவரத்தையும் மறிக்க வேண்டாம்.

இப்போது, யாரிடமும் எதையும் காட்டும் முன், அந்தத் துண்டை உங்கள் போனுக்கு மாற்றுங்கள். வைஃபை உள்ள கேமரா என்றால் அதன் ஆப் மூலம் இரண்டு நிமிட வேலை. மோதிய துண்டோடு, அதற்கு முந்தைய துண்டையும் பிந்தைய துண்டையும் சேர்த்தே எடுங்கள். முந்தையது நீங்கள் எந்தத் தடத்தில் எவ்வளவு நேரமாக வந்துகொண்டிருந்தீர்கள் என்பதைக் காட்டும். பிந்தையதில் இறங்கி வந்தவர் முதலில் என்ன சொன்னார் என்பது இருக்கும், பின்னால் அவர் கதையை மாற்றினால் அது கைகொடுக்கும். வைஃபை இல்லையென்றால் கேமராவை நிறுத்தி, கார்டைக் கழற்றி பர்ஸில் வைத்துக்கொண்டு, வேறு கார்டைப் போடுங்கள். டேஷ்போர்டு பெட்டியில் ஒரு கார்டு எப்போதும் கிடக்கட்டும்.

காட்டும் முன் நீங்கள் பாருங்கள்

பதிவை முதலில் நீங்கள் மட்டும் பாருங்கள். நம் நினைவும் பதிவும் ஒன்றாக இருக்கும் என்று உறுதி இல்லை. "நான் நேராகத்தான் வந்தேன்" என்று சத்தியம் செய்யும் அளவுக்கு நம்பிக்கொண்டிருப்போம். பதிவில் நம் வண்டி அரை அடி வலது தடத்துக்குள் போயிருக்கும். அப்படி இருந்தால் ஒப்புக்கொள்வதுதான் சரி, செலவும் குறையும். அழித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வழக்குக்குத் தேவைப்படும் மின்னணுப் பதிவை வேண்டுமென்றே அழிப்பது தனிக் குற்றம்.

பார்க்கும்போது கண் எதிர்வண்டி மேலேயே நிற்கும். அதை விட்டுவிட்டு நகராத பொருளைத் தேடுங்கள்: மீடியன், மின்கம்பம், சாலையில் போட்ட வெள்ளைக் கோடு. அவற்றோடு ஒப்பிட்டால்தான் யார் நகர்ந்தார்கள், யார் தடம் மாறினார்கள் என்று தெரியும். டேஷ்கேம் லென்ஸ் அகலப் பார்வை கொண்டது. முன்னால் இருக்கும் வண்டி உண்மையைவிடத் தள்ளி இருப்பதுபோல் காட்டும். "போதிய இடைவெளி விட்டிருந்தேன், பாருங்கள்" என்று அதை மட்டும் வைத்துச் சொன்னால் விவரம் தெரிந்தவர் ஏற்க மாட்டார். ஓரத்தில் ஓடும் ஜிபிஎஸ் வேகமும் சற்றுப் பின்தங்கித்தான் மாறும். சடாரென்று பிரேக் அடித்த இடத்தில் அது காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்வதெல்லாம் ஓட்டுநர் பள்ளியில் கற்றவைதான். முன்வண்டிக்கும் உங்களுக்கும் திடீரென நிறுத்தினாலும் போதுமான இடைவெளி வேண்டும். ரிவர்ஸ் எடுப்பவர் பிறருக்கு ஆபத்தில்லை என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ரவுண்டானாவுக்குள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முன்னுரிமை. சண்டை வருவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: இடதுபக்கமாக நுழைந்து குறுக்கே வெட்டிவிட்டுப் பிரேக் அடிப்பவர். இடிபட்டது அவருடைய பின்பக்கம் என்பதால் பார்ப்பவர்கள் உங்களைத்தான் சொல்வார்கள். அவர் உங்கள் முன்னால் வந்து எத்தனை நொடியில் இடி நடந்தது என்று பதிவில் எண்ணிக் காட்டுங்கள். பத்து நொடி அவர் பின்னாலேயே போய் இடித்திருந்தால் இடைவெளி விடாத தப்பு உங்களுடையது. ஒன்றரை நொடி என்றால் இடைவெளி விட உங்களுக்கு வாய்ப்பே இல்லை.

காட்டுவதும் பேசுவதும்

கூட்டத்துக்கு நடுவே போனை உயர்த்திக் காட்டாதீர்கள். பத்துப் பேர் முன்னால் ஒருவர் தப்பை ஒப்புக்கொள்வது கடினம். அவரை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு, "சார், ஒரு நிமிஷம் இதைப் பாருங்க, பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிக் காட்டிப் பாருங்கள். போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும். கார்டை ஒருபோதும் கொடுக்காதீர்கள். பதிவைக் கேட்டால் பிரதி அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கி, நம்பர் பிளேட்டே படிக்க முடியாமல் போகும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் தரம் குறையாது. ஃபேஸ்புக்கிலோ குடியிருப்புக் குழுவிலோ போட வேண்டாம். அவருடைய முகமும் நம்பரும் ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்தால், சமாதானமாக முடிய வேண்டியது முடியாது.

அடி யாருக்கும் இல்லை, சேதம் சில ஆயிரம், அவர் கொடுக்கச் சம்மதிக்கிறார் என்றால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். தேதி, இடம், இரண்டு வண்டி நம்பர், தொகை, "இதற்கு மேல் இருவருக்கும் கோரிக்கை இல்லை" என்ற ஒரு வரி. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது லேசாக அடிபட்டிருந்தாலும் இப்படி எழுதாதீர்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்தின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது பாலிசியிலேயே உள்ள நிபந்தனை. பின்னால் பெரிய கோரிக்கை வந்தால் அந்தத் தாள் உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

இன்சூரன்ஸ் கணக்கு

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சொந்தச் சேதக் கவர் இருந்தால் உங்கள் காரின் சேதத்துக்கு உங்கள் இன்சூரன்ஸே பணம் தரும், அதற்குத் தப்பு யார் மேல் என்பது தேவையில்லை. அப்படியானால் பதிவு எதற்கு?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,000 ரூபாய் செலவுள்ள ஒரு பம்பர். 1500 சிசி வரையுள்ள காருக்கு முதல் 1,000 ரூபாயைக் கட்டாயமாக நீங்கள் ஏற்க வேண்டும், அதற்கு மேற்பட்ட காருக்கு 2,000. ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத கூடுதல் கவர்) இல்லாத பாலிசி என்றால் மாற்றும் பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் பாதியைக் கழிப்பார்கள். இதற்கு மேல் நோ கிளெய்ம் போனஸ். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிவரும் தள்ளுபடி அது. தப்பு எதிராளி மேல் இருந்தாலும், உங்கள் பாலிசியில் கிளெய்ம் போட்டால் அது போய்விடும். சொந்தச் சேதப் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 8,000 ரூபாய், 35 சதவீதத் தள்ளுபடியில் இருக்கிறீர்கள் என்றால் அடுத்த வருடம் 2,800 ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள். சின்னச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கேட்பதால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. தப்பு செய்தவரே கொடுப்பதுதான் நியாயம், அவரை ஒப்புக்கொள்ள வைப்பது பதிவு. போனஸைக் காப்பாற்றும் கூடுதல் கவர் எடுத்திருந்தால் இந்தக் கணக்கு மாறும், பாலிசியைப் புரட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. புதுக் காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மூன்று வருடத்துக்குச் சேர்த்தே போட்டிருப்பார்கள். சொந்தச் சேதக் கவர் பெரும்பாலும் ஒரு வருடம்தான். இரண்டாவது வருடம் அதைப் புதுப்பிக்க மறந்திருந்தால் உங்கள் சேதத்துக்கு உங்கள் இன்சூரன்ஸ் எதுவும் தராது. அப்போது அந்தப் பதிவு ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும்.

சேதம் பெரிது, கிளெய்ம் போடத்தான் வேண்டும் என்றால் அன்றே தெரிவியுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் முன் வண்டியில் கைவைக்க விடாதீர்கள். கிளெய்ம் படிவத்தில் மோதல் எப்படி நடந்தது என்று எழுதும் இடத்தில், பதிவைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள். நீங்கள் எழுதியது ஒன்று, சேதம் இருக்கும் இடம் வேறொன்று என்றால் சர்வேயருக்குச் சந்தேகம் வரும். நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அங்கும் தீரவில்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது, கட்டணம் கிடையாது.

காவல் நிலையம் போக வேண்டி வந்தால்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவின்படி, ஒருவருக்கு அடிபட்டாலோ அடுத்தவர் சொத்து சேதமானாலோ, அங்கே காவலர் யாரும் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஓட்டுநர் தகவல் சொல்ல வேண்டும். எதிராளி மிரட்டினாலும், நிற்காமல் போய்விட்டாலும் தாமதிக்காமல் போய்விடுங்கள். புகார் கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கேட்டு வாங்குங்கள். பதிவைப் பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள், கொடுத்ததைப் புகாரிலேயே ஒரு வரியாகக் குறிப்பிடுங்கள். அசல் கார்டைக் கேட்டால், பெற்றுக்கொண்டதற்கு எழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

விஷயம் நீதிமன்றம் வரை போனால் பதிவை எடுத்து நீட்டினால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் பிரதியோடு ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி: ஒன்றைக் கருவியை வைத்திருப்பவர் நிரப்ப வேண்டும், மற்றதை நிபுணர். கோப்பின் 'ஹாஷ்' மதிப்பையும் அதில் எழுத வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு நொடியை வெட்டினாலும், தலைப்பு ஒட்டினாலும் மாறிவிடும். அதனால்தான் அசல் கோப்பில் எதையும் செய்யக் கூடாது என்கிறேன். பெயரைக்கூட மாற்றாதீர்கள். வெட்டி, வட்டம் போட்டு, மெதுவாக ஓட்டிக் காட்ட வேண்டுமானால் தனிப் பிரதி எடுத்து அதில் செய்யுங்கள்.

அசல் கார்டை ஒரு சின்ன உறையில் போட்டு, தேதியும் வண்டி நம்பரும் எழுதி வீட்டில் வையுங்கள். ஒரு பிரதி மடிக்கணினியில், இன்னொன்று கூகுள் டிரைவில். எல்லாம் சமாதானமாக முடிந்துவிட்டது என்றாலும் உடனே அழிக்க வேண்டாம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட ஆறு மாத அவகாசம் இருக்கிறது. அன்றைக்கு "ஒன்றுமில்லை சார்" என்று சொன்னவர் ஐந்தாவது மாதம் கை வலி என்று வக்கீல் வைத்து வரலாம். நான் ஒரு வருடம் வைத்திருக்கிறேன். கோடம்பாக்கத்துக் கார்டு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அதற்குப் பதிலாகக் கேமராவில் போட்ட புதுக் கார்டை மறுநாள் காலையிலேயே ஃபார்மேட் செய்து, தேதி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.